பலா இன்னும் வரல

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். அதற்கெல்லாம் பயப்பட எனக்கு வசதி இருந்ததில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிளம்பியவன், கிடைத்த இடத்தில் படுத்தவன். சின்னசேலம் ரயிலடியில் படுத்திருக்கிறேன், மழைக்குச் சுடுகாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி விடியும்வரை தூங்கியிருக்கிறேன், ஓர் ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கிறது என்று ஒரு கோடை முழுக்க அங்கேயே துண்டு விரித்திருக்கிறேன். வாட்ச்மேனைத் தவிர யாரும் வந்து என்னை எழுப்பியதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு ஒருத்தன் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்த வருடம் சாமை அறுப்புக்குக் கல்வராயன் மலைக்கு ஏறியிருந்தேன். வெள்ளிமலையிலிருந்து நடந்தே போகவேண்டிய ஒரு சின்ன ஊர், ரோடு கிடையாது. கோவிந்தன் என்று ஒருவர் வீட்டில் சோறு, அவர் காட்டில் வேலை. அறுப்பு முடிவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேலையும் இல்லை, இறங்கிப் போகவும் வழியில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு அஞ்சலைக்குப் பிரசவ வலி வந்தது. முதல் பிரசவம். முந்தின நாளிலிருந்து வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சி காலையில் வெளியே வந்து, "குறுக்கால கெடக்குது. என் கையில இல்ல. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போங்க, இல்லாட்டி ரெண்டும் போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள்.

ஆண்கள் பாதிப்பேர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தார்கள். அஞ்சலையின் புருஷன் சடையன் ஜீப்பை மறித்து நிறுத்தி வைக்கிறேன் என்று எங்களுக்கு முன்னாலேயே மலை ரோட்டுக்கு ஓடிவிட்டான். தூக்குவதற்கு மிஞ்சியது கோவிந்தனும் நானும்தான்.

மலையில் நோயாளியைத் தூக்கிவருவதற்குத் தூளி என்று பெயர். கெட்டிக் கம்பளியின் இரண்டு முனையையும் நீளமான மூங்கிலில் கட்டினால் தொட்டில் மாதிரித் தொங்கும், ஆளை உள்ளே படுக்க வைத்து முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோளில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் போகிறவருக்குத்தான் தரை தெரியும். பின்னால் வருகிறவனுக்குத் தூளியைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் முன்னால் போகிறவர் "கல்லு, வேரு, பள்ளம், வழுக்கு" என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். அதைக் கேட்டுத்தான் பின்னால் இருப்பவன் கால் வைப்பான்.

தூக்கும்போதே சண்டை வந்தது. அஞ்சலையின் மாமியார் மழையில் நின்று கத்தினாள். "கால முன்னாடி வெச்சித் தூக்குறீங்களே, பொணத்தத்தான்டா அப்பிடித் தூக்குவாங்க!"

"எறக்கத்துல தல கீழ போனா ரத்தமெல்லாம் மண்டைக்கு ஏறிடும் பெரியம்மா. தல பின்னாடியே இருக்கட்டும், இந்த டவுனுக்காரன் பாத்துகினு வருவான்" என்றார் கோவிந்தன். என்னை அவர் டவுனுக்காரன் என்றுதான் கூப்பிடுவார். நான் எந்த டவுனிலும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல இருந்தவனில்லை.

ஆக, அஞ்சலையின் தலை என் பக்கம். முகத்தில் மழை விழாமல் இருக்க ஓர் உரச்சாக்கைப் பிரித்துத் தூளியின் மேல் கூரை மாதிரிப் போட்டு இழுத்துக் கட்டினேன். நானே கட்டினேன். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச தூரம் போனதும் தடமே இல்லை. இரவு மழையில் சரிவு அப்படியே பெயர்ந்து கீழே போயிருந்தது. கோவிந்தன் நின்றார்.

"பழைய தடம் ஒண்ணு இருக்குதுடா. நான் பையனா இருந்தப்ப நடந்தது. ஓடைக்கு எறங்கி, ஓடையத் தாண்டினா ரோடு. இப்ப யாரும் போறதில்ல. போலாமா?"

"போலாம்ணே. திரும்பிப் போயி இன்னா பண்றது?"

பகல்தான். ஆனால் மேகம் இறங்கி மலைமேல் உட்கார்ந்துகொண்டது. முன்னால் கோவிந்தனின் முதுகு ஒரு சமயம் தெரியும், ஒரு சமயம் தெரியாது. தலைக்குமேல் மரமா வானமா என்றே தெரியவில்லை, எல்லாம் பாலைக் கொட்டிய மாதிரி வெள்ளை. செருப்பு அறுந்துவிட்டது, அதை உதறிவிட்டு நடந்தேன். தோளில் தோல் வழன்று எரிந்தது, மூட்டை தூக்கிப் பழகிய தோள்தான், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படியும் அந்தப் பெண்ணை ரோட்டில் சேர்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்குள் இருந்தது.

அப்போதுதான் கேட்டது. இடது காதுக்குப் பக்கத்தில், மெல்லிய குரலில், மூச்சு வாங்கிக்கொண்டே.

"ண்ணே. நெல்லி போயிடுச்சி."

அஞ்சலைதான் பேசுகிறாள் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? நான் லாரியில் கிளீனராக இருந்தபோது ஒரு விபத்தில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போனோம், அப்போது எங்கள் டிரைவர் சொன்னது எனக்கு மறக்காது. "பேச்சுக் குடுத்துகினே வாடா, பேச்சு நின்னா ஆளு போயிடுவான்." அதனால் உடனே, "சொல்லும்மா, இன்னும் இன்னா தெரியுது? பேசிகினே வா, நிறுத்தாத" என்றேன்.

முன்னாலிருந்து கோவிந்தன் அதட்டினார். "பேச வெக்காதடா! தூளியில இருக்கறவங்க பேசக்கூடாது, இருக்கற மூச்சும் போயிடும்."

"பேசட்டும்ணே. பேசினாத்தான் உசுரு இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"டவுனு புத்தி" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

குரல் சொல்லிக்கொண்டே வந்தது. கோவிந்தன் "கல்லு" என்பார், குரல் "மூங்கிலு" என்னும். அவர் "வழுக்கு" என்பார், அது "கடுக்கா, ரெட்டையா நிக்குது" என்னும். ஒருவர் கீழே இருப்பதைச் சொல்ல, இன்னொருவர் மேலே இருப்பதைச் சொல்ல, நான் நடுவில் கண் தெரியாதவன் மாதிரி நடந்தேன். மல்லாந்து படுத்திருப்பவளுக்கு மரம்தானே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே தெரியாத மரம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. தோள் எரிகிறபோது யோசனை அவ்வளவாக வராது.

ஓரிடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. கோவிந்தன் வலது பக்கம் திரும்பினார். கொஞ்சம் போனோம். குரல் பதறியது.

"பலா இன்னும் வரல. பலா வரணுமே. ண்ணே, பலா வரல."

"அண்ணே, நில்லு" என்றேன். "பலா வரணுமாம், வரலையாம்."

கோவிந்தன் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தூளியைத் திருப்பச் சொன்னார். பிரிந்த இடத்துக்கே வந்து இடது பக்கம் இறங்கினோம். இறங்கின கொஞ்ச நேரத்தில் என் வெறுங்கால் ஒரு கட்டையில் இடித்து நகம் பெயர்ந்தது. அதே நேரம் காதருகில், "வந்துடுச்சி, பலா வந்துடுச்சி" என்று அவ்வளவு சந்தோஷமாக ஒரு குரல்.

நாங்கள் திரும்பி வந்த அந்த வலது பக்கத் தடம் எங்கே போகிறது என்று பிறகு பார்த்தேன். ஒரு பாறை விளிம்பில் முடிகிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஓடைக்கு வந்தோம். செந்தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது. கரையில் நின்றபோது குரல் நின்றுவிட்டது. போய்விட்டாளா?

"ஏம்மா! பேசு! இன்னா தெரியுது சொல்லு!"

தண்ணீர்ச் சத்தம்தான். மறுபடி கத்தினேன். கோவிந்தன் தண்ணீரில் கால் வைத்துவிட்டார், நானும் வைத்தேன். மூங்கிலைத் தோளிலிருந்து எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ஓடையில் போகும்போது, சின்னப் பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கி ஒரு கேள்வி.

"பேசட்டுமாண்ணே?"

"பேசு! யாரு வேணாம்னது? கடைசி வரைக்கும் பேசிகினே வா!"

அவள் சிரித்தாள். பிரசவ வலியில் இருப்பவள் அப்படிச் சிரிக்க மாட்டாள் என்று இன்று சொல்வேன். அன்று எனக்கு உயிர் வந்தது, அவ்வளவுதான்.

ஓடைக்கு அப்பால் ஏற்றம். நாவல் என்றாள், இச்சி என்றாள், பேர் தெரியாத ஒன்றைப் "பூப் பூக்காத மரம்" என்றாள். அந்தக் குரலுக்காகவே நடந்தேன். கடைசியில் மரப் பேர்கள் நின்றுவிட்டன. பிறகு சொன்னாள், ரொம்ப ஆச்சரியமாக:

"அண்ணே, வானத்துல யாரோ கோடு போட்டுருக்காங்க."

என் காலில் தார் தட்டுப்பட்டது. ரோடு. சடையன் அழுதுகொண்டே ஓடிவந்தான், பின்னால் ஜீப்பின் மஞ்சள் விளக்கு.

தூளியை இறக்கிக் கயிற்றை அவிழ்த்தேன். நம்பினால் நம்புங்கள், உரச்சாக்கு நான் கட்டியபடியே அவள் முகத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. அஞ்சலையின் வாயில் துண்டு. வலி தாங்க மாமியார் கடிக்கக் கொடுத்தது. அதைப் பல்லால் அப்படி இறுக்கியிருந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் விரலை விட்டு எடுத்தாள்.

கள்ளக்குறிச்சியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. தாயும் பிழைத்தாள். கண் விழித்து அவள் என்னிடம் முதலில் கேட்டது, "யாருகிட்டண்ணே வழி முச்சூடும் பேசிகினே வந்தீங்க?"

ஆஸ்பத்திரிக்கு வெளியே டீக்கடையில் கோவிந்தன் தானாகவே ஆரம்பித்தார். "பலான்னு உனக்கு யாருடா சொன்னது?"

"அஞ்சலைதான்ணே..."

"அஞ்சலை எங்க ஊருக்கு வந்தது போன தையில. அந்தத் தடத்துக்கு அடையாளமா நின்ன பலாவ வெட்டி அதுல நான் பையனா இருந்தப்பவே கதவு பண்ணிட்டாங்க. அத யாரும் இப்ப பேசறதுகூட இல்ல."

பிறகு வெள்ளச்சியைப் பற்றிச் சொன்னார்.

அந்த ஊரில் பிறந்த ஒருவர் இன்று பெரிய கவிஞர். நீங்கள் அவர் பேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், நான் சொல்லப்போவதில்லை. வெள்ளச்சி அவருடைய ஒரே தங்கை. அவளைப் பெற்றபோதே தாய் போய்விட்டாள், அண்ணன்தான் முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தது. அவர் படிக்கக் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலுக்குப் போனதும் அவள் ஆடு மேய்த்தாள். மேய்த்தாள் என்று சொல்லக்கூடாது, பாறையில் மல்லாந்து படுத்து மரத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு கிடப்பாள், ஆடுகள் அவளை மேய்த்து வீட்டுக்குக் கூட்டிவரும் என்று ஊரே கிண்டல் பண்ணும். எந்த மரத்தையும் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தே பேர் சொல்வாள். கீழ் ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். "கீழ மரம் கம்மி, நான் வரல" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். மலையை விட்டு அவள் இறங்கினதே இல்லை.

இருபது வயதைத் தொடவில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. அண்ணன் லீவுக்கு வந்திருந்தார். கோவிந்தனின் அப்பா முன்னால், அண்ணன் பின்னால், தூளி கட்டி அதே பழைய தடத்தில் இறங்கினார்கள். அந்த ரோடு அப்போதுதான் புதிதாகப் போட்டது. ரோட்டில் இறக்கிப் பார்த்தபோது ஜில்லிட்டிருந்தாள். ஓடையிலேயே போய்விட்டாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஓடையோரம் கண்மூடிய தங்கை என்று அவர் எழுதின கவிதையைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறார்கள்.

"தூளியில பேசக்கூடாதுன்னு சொல்லுவாரு எங்கப்பன்" என்றார் கோவிந்தன். "அதத்தான் உனக்கும் சொன்னேன்." டீ ஆறிப்போனது.

நான் விடவில்லை. மழை விட்டதும் வெயிலில் அந்தத் தடத்தில் தனியாக ஏறினேன். கடுக்காய் மரம் ரெட்டையாக நின்றது. பலா இருந்த இடத்தில் பாசி பிடித்த அடிக்கட்டை, அதில் என் நகத்து ரத்தம் மழையில் போகாமல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ரோட்டுக்கு வந்து மேலே பார்த்தேன். கரண்டுக் கம்பி போகிறது. அதைத்தான் கோடு என்றாளா? கம்பியைக் கோடு என்று யாராவது சொல்வார்களா?

அந்தக் கவிஞரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவு பண்ணினேன். வேலை கிடைத்த இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். ஒருநாள் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்கு விழா என்று சுவரொட்டி பார்த்தேன். மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து காருக்கு வரும்வரை வாசலில் நின்றேன். கூட இருந்தவர்கள் என் சட்டையைப் பார்த்து ஒதுக்கினார்கள். நான் உரக்கச் சொன்னேன்.

"ஐயா, வெள்ளச்சி ஓடையில சாவலிங்க."

அவர் நின்றார். மற்றவர்களைக் கையால் தள்ளிவிட்டு மண்டபத்துப் பக்கச் சந்துக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் இங்கே சொன்ன மாதிரியே முதலிலிருந்து சொன்னேன். மரங்களை வரிசையாகச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "நாவலுக்கு அப்புறம் ஒண்ணு வரணுமே" என்றார். ஆமாம், இச்சியை விட்டுவிட்டேன். சொன்னேன்.

"ஓடையில கொஞ்ச நேரம் பேசலிங்க. அப்புறம் 'பேசட்டுமாண்ணே'ன்னு கேட்டாங்க."

கவிஞர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேடையில் பேசின தமிழ் போய்விட்டது, மலைப் பேச்சு வந்தது. "ஓடையிலதான் நான் சொன்னேன். வாய மூடிகினு வா புள்ள, மூச்சு வாங்குதுன்னு. கோவிந்தனோட அப்பன் திட்டுறாருன்னு கோவத்துல சொன்னேன். அதுக்கப்புறம் அவ பேசல. அங்கயே போயிட்டான்னு நெனச்சேன்... நீ இன்னா சொன்ன?"

"பேசு, யாரு வேணாம்னதுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"சிரிச்சாங்க. ரோடு வரைக்கும் பேசிகினே வந்தாங்க. கடைசியில, வானத்துல யாரோ கோடு போட்டுருக்காங்கன்னு சொன்னாங்க. அது எனக்கு வெளங்கல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், பட்டுவேட்டியோடு. அங்கிருந்தே சொன்னார்.

"நான் கரித்துண்டால செவுத்துல எழுதிப் பழகுவேன். அவளுக்கு எழுத்து தெரியாது. எழுதுறதுன்னு சொல்ல மாட்டா. கோடு போடறதுன்னுதான் சொல்லுவா. அண்ணன் கோடு போடுது, அண்ணன் கோடு போடுதுன்னு ஊர் பூரா சொல்லிகினு திரிவா." மேலே பார்த்தார். "கம்பி அந்த ரோட்டுல மட்டுந்தான் அப்ப இருந்திச்சி. வேற எங்கயும் அவ அதப் பாத்திருக்க முடியாது."

நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கவிதையையும் மாற்றவில்லை. வேட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் எப்படியோ நடந்தது என்று விட்டிருப்பேன். இப்போது நான் மரவள்ளிக்கிழங்கு லாரியில் போகிறேன், சின்னசேலம் பக்கம் ஏற்றிச் சேலம் ஆலைகளில் இறக்குவது. லோடுமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு போவேன். பெரிய ரோட்டை அகலப்படுத்தி, ஓரத்தில் நின்ற புளியமரத்தையெல்லாம் வேரோடு எடுத்துவிட்டார்கள், உங்களுக்கே தெரியும். இப்போது வெறும் வானம்தான், வெயில் கண்ணைக் குத்தும். பட்டப்பகலில், அந்த வெறும் வானத்தின் கீழே லாரி ஓடும்போது, என் இடது காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

"புளி... புளி... புளி..."

அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. இந்த மரங்களைப் பார்த்தே இருக்க முடியாது. எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிறுத்தாமல் பேசச் சொன்னவன் நான்தான். வாயை மூடு என்று இரண்டாம் தடவை அவளிடம் யாரும் சொல்லக்கூடாது, நான் சொல்லப்போவதில்லை. டிரைவருக்குக் கேட்காத மாதிரி மெதுவாகத்தான் சொல்கிறேன்.

"ம். அப்புறம்?"